கூரை திருத்தப்பட்டது, நானே பார்த்தேன்

ஒக்டோபர் 13, திங்கள்

பின்னேரம் மழை. குடை அலுவலகத்தில். நனைந்தபடியே முன்பள்ளிக்கு ஓடி டியானாவைக் கூட்டி வந்தேன். அக்காவுக்கு வெள்ளவத்தையில், புடைவைக் கடையில் வேலை. தீபாவளி வரை மகளைக் கூட்ட அவளுக்கு நேரமில்லை. அத்தான் கட்டாரில்.

முன்பள்ளிக் கூரையின் நீலத் தறப்பாள் கிழிந்து தொங்குகிறது. கீழே ஒழுக்குப் பிடிக்க வாளி, சட்டி, யாரோ ஒரு பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி. ரீச்சர்: "இப்பிடியே பெய்தா பூட்டத்தான் வேணும் மிஸ். சீலிங் இறங்குது." பூட்டினால் அக்கா வேலைக்குப் போகாமல் வீட்டில் நிற்க வேண்டும். இந்தச் சீசனில் நின்றால் பிறகு வேலை இல்லை.

புதனன்று எங்கள் நகரசபைக் கூட்டத்தில் கணக்காய்வு அறிக்கை. மொழிபெயர்ப்புக் கூண்டில் நானும் என்னோடு மொழிபெயர்க்கும் நசீர் நானாவும். சொல் தயார்ப்படுத்த அறிக்கையை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பெறுமானத் தேய்வு. ஒப்பந்தப் பிணை. பிறகு திடீரென்று எங்கள் முன்பள்ளி! கூரைக்குப் பணம் போயிருக்கிறது, வேலை எங்கே என்று கணக்காய்வாளர் கேட்டிருக்கிறார். சபையின் பதில்: வேலை நிறைவுற்றது.

தலைமயிர் இன்னும் காயவில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

புழுக்கம். காலையில் கூரையைப் படமெடுத்தேன். சபை அந்தப் பதிலை ஏற்றால் கேள்வி மூடப்படும். பிறகு கூரை இல்லை.

எங்கள் வட்டார உறுப்பினரைச் சபைப் படியடியில் மறித்துக் காட்டினேன். "ஐயோ தங்கச்சி, இது என்ன அநியாயம்! நாளைக்குக் கிழிக்கிறன் பாருங்கோ. வட்ஸ்அப்பில போடுங்கோ." போட்டேன். கோபமான மஞ்சள் முகம் ஒன்று பதிலுக்கு வந்தது.

நசீர் நானாவிடம் சொன்னேன். "நாங்க குழாய் தங்கச்சி. குழாய்க்குத் தாகம் எடுக்கப்படாது" என்றார். நல்ல பகிடிதான். சிரிப்பு வரவில்லை.

ஒக்டோபர் 15, புதன்

கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன்.

கூண்டில் ஒரு விதி. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்'. 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்க முடியாது. முன்பள்ளி விஷயம் வந்தபோது என் முறை. சபைப் பொறியியலாளர் எழுந்து, சிங்களத்தில், தண்ணீர் குடித்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்: "கூரை முழுமையாகத் திருத்தப்பட்டுவிட்டது. நானே நேரில் போய்ப் பார்த்தேன்."

தவிசாளர், கேள்வி உண்டா என்றார். எங்கள் உறுப்பினர் எழுந்தார். இப்போது, இப்போது என்று கூண்டுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"பொறியியலாளருக்கு எங்கட வட்டார மக்கள் சார்பில நன்றி."

அதைச் சிங்களத்தில் சொல்லவும் நான்தான். பொய்யும் என் வாயால், நன்றியும் என் வாயால். ஏற்றுக்கொள்ளப்பட்டது. தேநீர் இடைவேளை. ரோல்ஸ்.

உறுப்பினரின் செய்தி: "இஞ்சினியரோட இப்ப முறிச்சா மற்ற வேலையும் நிண்டிடும். விளங்கிக்கொள்ளுங்கோ தங்கச்சி."

விளங்குகிறது. நாசமாய்ப் போக.

ஒக்டோபர் 16, வியாழன்

இரவு முழுக்க மழை. முன்பள்ளி பூட்டு. சீலிங்கின் ஒரு துண்டு விழுந்துவிட்டது. நல்லவேளை, பிள்ளைகள் வருமுன்.

இதைவிடக் கேவலம் முன்பள்ளி வாசலில் காத்திருந்தது. கூட்டத்தைச் சபையின் முகநூலில் தமிழ் ஒலியோடு போட்டிருக்கிறார்கள். எங்கள் லேன் அம்மாமார் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

"எங்க பார்த்தனீ? சொல்லு! எந்தக் கூரையைப் பார்த்தனீ?"

"எவ்வளவு தந்தவங்கள் பிள்ளை?"

நான் மொழிபெயர்த்தேன் என்றேன். "உன்ர குரல்தானே?" ஓம், என் குரல்தான். தன்னிலையில் கதை சொல்கிறவனை நம்பாதே என்று எத்தனை நாவல்கள் எனக்குச் சொல்லித் தந்தன. இவர்கள் ஏன் அவற்றை வாசித்திருக்க வேண்டும்?

அக்கா கத்தவில்லை. கடைக்குப் போன் செய்து தலையிடி என்றாள். முதலாளி சொன்னது எனக்கும் கேட்டது: "நாளைக்கும் தலையிடி எண்டா வராதைங்கோ."

ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில், அதிசயமாக. அலுவலகத்தில் இருந்தே எழுதுகிறேன். அரைநாள் லீவு போட்டுவிட்டேன். எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும்.

அக்காவின் யோசனை. ஏழு அம்மாமார், ஒன்பது பிள்ளைகள், மூன்று ஓட்டோ. சபை வாசலில் காவலாளி மறிக்குமுன் டியானா உள்ளே ஓடிவிட்டாள், அவளைப் பிடிக்க எல்லோரும் ஓடினோம். பொறியியலாளரின் அறையில் ஏசி. பிள்ளைகளுக்கு அந்தக் குளிர் நன்றாகப் பிடித்துவிட்டது, கம்பளத்தில் உருண்டார்கள்.

"மொகத மே?" என்ன இது என்று என்னைத்தான் கேட்டார். அக்காவுக்குக் கடைச் சிங்களம் நன்றாக வரும். வேண்டுமென்றே தமிழில் தொடங்கினாள், என்னைப் பார்த்தபடி. விதிப்படி, 'நான்' என்றே சிங்களத்தில் சொன்னேன், சத்தமாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு:

"சேர், நான் வேலைக்குப் போகவேணும். நீங்கள் பார்த்த கூரை எங்க இருக்குதெண்டு எங்களுக்குத் தெரியேல்ல. இஞ்ச ஒரு கூரை இருக்கு. பிள்ளை இஞ்சயே நிக்கட்டும். மத்தியானம் சோறு தீத்தோணும். மூக்குத்தான் கொஞ்சம் ஒழுகும்."

டியானாவின் பையை அவருடைய மேசையில் வைத்துவிட்டு உண்மையிலேயே போய்விட்டாள். மற்ற அம்மாமாரும் பைகளை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி போத்தல் பாலையும்.

இப்போது பின்னேரம் இரண்டரை மணி. இரண்டு பிள்ளைகள் ஏசிக்குக் கீழே நித்திரை. டியானா மேசைக்கடியில் அவருடைய சப்பாத்து நாடாவை அவிழ்க்கிறாள். நசீர் நானா மேரி பிஸ்கட்டோடு வந்து என்னைப் பார்க்காமல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். பொறியியலாளர் காலை அசைக்காமல் போனில் சபைக் களஞ்சியத்தைப் பிடித்து, கூரைத் தகரம் ஏற்ற லொறி இன்றைக்கே வேண்டும் என்று கத்துகிறார். அங்கிருந்து என்ன சொல்கிறார்களோ. "நிறைவுற்றதுதான், தெரியும்," என்கிறார், "நான்தான் எழுதினேன், நீ லொறியை அனுப்பு!"