காக்கித் துணி யாருடையது

பிரிஞ்சாங், 7 மார்ச் 1951

அன்புள்ள தோமஸ் அண்ணனுக்கு,

ஈப்போவில் நீங்களும் அண்ணியும் பையன்களும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நலமில்லை.

திங்கட்கிழமை கோலா தெர்லாவில் போலீஸ்காரர்கள் முட்டைக்கோசு லோரியை நிறுத்தினார்கள். கோசுக்கு அடியில், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிற அரிசி மூட்டைகள் இருந்தனவாம். டிரைவர் ஓடிவிட்டான். கூடப்போன என் வீட்டுக்காரரை, உங்கள் மச்சான் டொனால்டைப் பிடித்துவிட்டார்கள். நான் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் லயத்துக்கு வந்து, என் வீட்டுப் பூட்டை உடைத்துச் சோதனை போட்டிருக்கிறார்கள். உங்கள் பையன்களுக்குக் கால்சட்டை தைக்கச் சொல்லி நீங்கள் கொண்டுவந்து கொடுத்த காக்கித் துணியை எடுத்துப்போனார்கள். காட்டிலிருப்பவர்களுக்கு உடுப்பு தைக்க வைத்திருந்தோமாம்.

நீங்கள் வக்கீல் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. ஆளைப் பிடித்தது ரோட்டில். யாருமில்லாத வீட்டை உடைக்கச் சட்டம் இருக்கிறதா? நீங்கள் வந்து, துணி உங்களுடையது என்று சொன்னால் போதும்.

தங்கை,
அற்புதம்மாள்

ஈப்போ, 12 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் பார்த்து மனம் கலங்கினேன். வக்கீல் ஐயாவிடம் கேட்டேன். முன்பென்றால் பிடித்த ஆளின் மேலிருப்பதை மட்டும் சோதிக்கலாம். வீட்டுக்குள் நுழையப் பெரும்பாலும் வாரண்டு வேண்டும். அவசரகாலச் சட்டம் வந்தபின் வாரண்டு தேவையில்லையாம். "பூட்டை உடைச்சதை வச்சு வாதாட முடியாது, தோமஸ். எடுத்த துணிக்கு யார் பதில் சொல்றாங்க?" என்றார்.

சோதனைக்கு யார் சாட்சி என்று விசாரித்து எழுது. இங்கே வேலை அதிகம்.

அண்ணன்,
தோமஸ்

பிரிஞ்சாங், 17 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

கங்காணி நாகப்பன்தான் சாட்சியாம். கேட்டேன். "நான் வாசல்ல நின்னேன் தாயி. உள்ள என்ன எடுத்தாங்கன்னு பாக்கல லா. பாத்ததா ரேகை வைக்கச் சொன்னாங்க, வச்சிட்டேன்" என்றார்.

ஸ்டேஷனில் என் வீட்டுக்காரரைப் பார்க்க விட்டார்கள். கன்னம் வீங்கியிருந்தது. "அண்ணன் துணின்னு சொல்லிடட்டுமா?" என்றேன். "நாம சொன்னா மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும். அவரே வந்து சொல்லட்டும்" என்றார்.

உங்கள் வக்கீல் கேட்டாரே, யார் பதில் சொல்வது என்று. எப்போது வருகிறீர்கள்?

அற்புதம்மாள்

ஈப்போ, 23 மார்ச்

தங்கச்சிக்கு,

சாட்சி உள்ளே நிற்காதது கோர்ட்டில் நமக்குச் சாதகம். ஆனால் தடுப்பு உத்தரவு போட்டு அடைத்துவிட்டால் கோர்ட்டே கிடையாது. நான் வந்தால் என் வீட்டையும் சோதிப்பார்கள். அண்ணி சாப்பிடாமல் கிடக்கிறாள். வேலையும் போய்விடும். என் நிலைமையைப் புரிந்துகொள். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்களாம். துணியைப் பற்றி இனி எழுதாதே.

தோமஸ்

பிரிஞ்சாங், 2 ஏப்ரல்

அண்ணனுக்கு,

நேற்று இவரைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன் அதிகாரி என்னையும் கூப்பிட்டு, துணி யாருடையது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "என்னோடது ஐயா. அவளுக்கு ஒன்னும் தெரியாது" என்றார். நான் பேசாமல் நின்றேன். நீங்கள் சொன்னபடிதான் நடந்தேன்.

சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் தோட்டத்துத் துரை. இந்த விலாசத்துக்கு இனி எழுத வேண்டாம். எங்கே போகிறேன் என்று எழுதவில்லை. யாராவது வந்து என்னைப் பற்றிக் கேட்டால், தெரியாது என்று நீங்கள் உண்மையாகவே சொல்லலாம்.

அற்புதம்மாள்