நீந்தும் மீனுக்கு யூரோ

ஜனவரி 14, கிறிஸ்தியான்சுண்ட்
லிஸ்பன் ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டது. எண்பது டன் உப்புக் காட் மீன். பணம் மே மாதம், யூரோவில். மீனவர்களுக்கும் என் பதினான்கு ஆட்களுக்கும் நான் கொடுப்பதோ நார்வே குரோனர். அதற்குள் யூரோ சரிந்தால் லாபம் போச்சு. முன்பெல்லாம் மே மாத யூரோவை அன்றைய விலைக்கே வங்கியிடம் விற்றுவைப்பேன். முன்பேர ஒப்பந்தம். வங்கியில் ஐவிண்ட் இருந்தவரை எல்லாம் ஒரு போனில் முடிந்தது. அவன் ஓஸ்லோவுக்குப் போனபின் அந்தப் பக்கமே போகவில்லை. போன வருடம் வாங்கினேன் அடி! இன்னொன்று விழுந்தால் ஆலையை மூட வேண்டியதுதான்.

ஜனவரி 16
வங்கிக்குப் போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிடம் பியானோ இசை. பிறகு ஒரு குரல்: “எல்லாம் இணையத்துலயே இருக்கு, படிச்சுப் பாருங்க.” முப்பத்திரண்டு பக்கம். புரியாததில் கையெழுத்துப் போட நான் என்ன முட்டாளா?
பக்கத்து ஆலை ஸ்டைனர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். “போன்ல ரெண்டு தட்டு, முடிஞ்சுது. வரப்போற மீன் மொத்தத்துக்கும் யூரோவை வித்துட்டேன்,” என்று பெருமை.

ஜனவரி 20
ஊர்ச் சேமிப்பு வங்கியைக் கூப்பிட்டிருந்தேன்; அங்கிருந்து குன்வோர் வந்தாள். ரப்பர் பூட்ஸோடு நேராகக் கிடங்குக்குள்.
“வங்கிக்காரங்களுக்கு மீன் நாத்தம் ஒத்துக்குமா?” என்று மேஸ்திரி ஆர்ன்ஃபின் சீண்டினான்.
“உனக்கு ஒத்துக்குதே!”
எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எண்பது டன்னுக்கும் விற்றுவிடலாம் என்றேன்.
“இங்க இப்ப எத்தனை டன் இருக்கு?”
“முப்பது. மிச்சம் மார்ச்ல வடக்கே லோஃபோட்டன் தீவுலருந்து வந்துடும். எப்பவும் வரும்.”
“நீந்துற மீனுக்கு என்கிட்ட யூரோ விக்காதீங்க. மீன் வராட்டியும் யூரோவை நீங்க குடுத்தே ஆகணும், வெளியில வாங்கியாவது. முப்பதுக்கு மட்டும் போடுங்க.”
தன் வருமானத்தையே குறைத்துக்கொள்கிறாளே! இந்தக் கடற்கரையில் கடலில் இருப்பதையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். எரிச்சலோடு கையெழுத்திட்டேன்.

பிப்ரவரி 27
யூரோ ஏறுகிறது. “அவசரப்பட்டு வித்துட்டியே,” என்கிறான் ஆர்ன்ஃபின். வாயை மூடிக்கொண்டு மீனைப் புரட்டு என்றேன்.

மார்ச் 29
லோஃபோட்டனில் மூன்று வாரமாகப் புயல். எனக்கு வந்தது பதினைந்து டன். லிஸ்பன்காரர் இருப்பதை அனுப்பச் சொல்லிவிட்டார், நல்ல மனுஷன். யூரோ இன்னும் ஏறியிருக்கிறது. எண்பதுக்கும் விற்றிருந்தால் — இல்லாத மீனுக்கு இந்த விலையில் யூரோ வாங்கி — ஐயோ, ஆலையே போயிருக்கும்.

மே 21
பணம் வந்தது. பெரிய லாபமில்லை, பதினான்கு பேருக்கும் சம்பளம் உண்டு. போதும்.
மதியம் ஸ்டைனர் வந்தான். வராத மீனுக்கெல்லாம் யூரோ வாங்கிக் கொடுத்து நொடித்துப்போனானாம். “என் ஆளுங்க ஆறு பேரை எடுத்துக்குவியா?” கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னேன். காபி ஊற்றி வைத்தேன். குடிக்காமலே போய்விட்டான்.