பேரைக் குடுத்துட்டேன்

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பேராச்சி எழுதுவது. நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வீர்கள், அதனால் கேட்கவில்லை. கடைவாய்ப் பல் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். மாலுமிகள் சங்கத்து சுப்ரமணியன் சார் நாளைக்கு உங்கள் கப்பல் நிற்கிற துறைமுகத்துக்குக் கிளம்புகிறார். கப்பலுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோகும் படகில் நம் பொட்டலத்தையும் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். மாட்டுங்காவில் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க என்னால் முடியாது என்றேன். பாவம், மனுஷர் தானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஏன் முடியாது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

ஜெயினுலாப்தீன் காக்கா (உங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தானே கூப்பிடுவீர்கள்), இதை நீங்கள்தான் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டப் போகிறீர்கள் என்று தெரியும். இவருக்குத் தமிழ்செல்வன் என்று பேரை வைத்துவிட்டு ஹிந்தி ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்த்த என் மாமனாரைத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தமிழும் அரபியும் வரும், ஹிந்தி எழுத்து வராது. இவருக்கு ஹிந்தி எழுத்து வரும், தமிழ் எழுத்து வராது. இரண்டு பேரும் சேர்ந்து கப்பலுக்கு வருகிற காகிதத்தை எல்லாம் படித்துவிடுகிறீர்கள் என்று முன்பு அங்கே போன் சிக்னல் கிடைத்த காலத்தில் சொல்லிச் சிரித்தார். கல்யாணம் பேசி முடித்த கையோடு நான் எழுதிய முதல் கடிதத்தையே டீக்கடையில் ஒருவர் படித்துச் சொல்லித்தான் கேட்டாராம். எனக்கும் இவருக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது போல. இந்தத் தடவை அது நீங்கள். கோபமாக எழுதியிருக்கிற இடத்தில் கோபமாகவே படியுங்கள், குறைத்துவிடாதீர்கள்.

கோபம் இருக்கிறது அத்தான். அன்றைக்கு உங்கள் போன் வந்ததும் பாதியில் கட்டானதும் நினைவிருக்கிறதா? "பேரக் குடுத்துட்டேன் பேராச்சி, கவலப்படாத" என்றீர்கள். அவ்வளவுதான் கேட்டது. வீட்டுக்குப் போகிறவர்கள் லிஸ்ட்டில் பேரைக் கொடுத்துவிட்டீர்கள் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பேன்? முதலாளி கப்பலை அம்போ என்று விட்டுவிட்டு ஓடிப்போனான், சம்பளம் இல்லை, தலைக்கு மேலே என்னென்னவோ பறக்கிறது என்று டிவியில் காட்டுகிறான். அங்கேயே இருக்கிறவர்களுக்கு என்று தனியாக ஒரு லிஸ்ட் உண்டு, அதிலும் ஒரு மனுஷன் தானாகப் போய்ப் பேரைக் கொடுப்பான் என்று எந்தப் பொண்டாட்டிக்குத் தோன்றும்? கப்பலை ஆளில்லாமல் விட்டால் துறைமுகத்துக்காரர்கள் ஒருவரைக்கூட இறங்க விடமாட்டார்கள் என்ற சட்டம் எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, நாலு பேர் வந்து இறங்குகிறார்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். பேர் விவரம் அவர்களிடமே இல்லை. எனக்கு எதற்குப் பேர் விவரம்? கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து ஏர்போர்ட் போனேன். நம் கூரைக்கு மேலே தினமும் ப்ளேன் இறங்குகிறது. அதில் ஒன்றில் என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அண்ணாந்து பார்த்தேன். நாலு பேர் வந்தார்கள். நாலாவது ஆளுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. மறுபடி திறக்கும், நீங்கள் பெட்டிக்காக நிற்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வந்த நாலு பேரில், நெருளில் இருக்கிற சுரேந்திரன்தான் என்னை அடையாளம் கண்டு கிட்டே வந்தார். அவர் அழுததைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவருடைய மனைவி கலைச்செல்விக்குப் பிரசவ நேரம் என்று உங்கள் இடத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் இங்கே வந்தார்கள். பெண் குழந்தை. என் மடியில் போட்டார்கள், என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்தால் நீங்கள் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. சரி என்று சொல்லவும் வரவில்லை. சாயங்காலமானால் நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "லைட்டு தெரியுது, கரைதான் தெரியல" என்பீர்களாம். சுரேந்திரன் சொன்னார்.

இனி வீட்டு விஷயம். ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்தால் நம் கதவில் சாக்பீஸால் என்னமோ எழுதியிருந்தது. வீட்டு நம்பர் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அழியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு ஷரீஃபுன்னிசாதான் பார்த்துவிட்டு, "அடிப் பாவி, பந்த்னுல்லா எழுதிருக்கான்" என்றாள். தாராவியை இடித்துப் புதுசாகக் கட்டுவதற்காகச் சந்து முழுக்க சர்வே எடுக்க வந்தவர்கள், நம் கதவில் பூட்டைப் பார்த்துவிட்டு ஹிந்தியில் 'பந்த்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பூட்டிக் கிடக்கிறது, ஆள் குடியில்லை என்று அர்த்தமாம். ஆறு வருஷமாக நான் கோலம் போடுகிற வாசல், அத்தான். ஆபீசுக்குப் போய்க் கேட்டதற்கு, இன்னொரு தடவை வருவோம், என்றைக்கு என்று சொல்ல முடியாது, அப்போதும் பூட்டியிருந்தால் இந்த ரூமுக்கு மாற்று வீடு கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாமா தோல் பட்டறையில் கை வெந்து வாங்கிய ரூம் இது.

அன்றிலிருந்து நான் வாசலைத் தாண்டுவதில்லை. சட்டைகளில் தொங்குகிற நூல் பிசிறை வெட்டும் தாகா வேலை இருப்பதால் பிழைத்தேன், மூட்டையை இங்கேயே போட்டுவிட்டு எடுத்துப் போகிறார்கள். காய்கறியை ஷரீஃபுன்னிசா வாங்கித் தருகிறாள். காக்கா தப்பாக நினைக்கக் கூடாது, பொதுக் கக்கூஸுக்குப் போவதென்றாலும் அவள் வந்து நம் வாசலில் உட்கார்ந்த பிறகுதான் போகிறேன். அங்கே லைன் நீளமாக இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வருகிறேன். நீங்கள் அங்கே உங்களுடையதல்லாத கப்பலுக்குக் காவல். நான் இங்கே நம்முடையதுதான் என்று நிரூபிக்க வேண்டிய வீட்டுக்குக் காவல். நல்ல ஜோடி என்று எவனாவது சொன்னால் அடித்துவிடுவேன்.

ஊரில் தங்கச்சி கோகிலவாணிக்கு ஆவணியில் கல்யாணம். நாகர்கோவில் வண்டிக்கு எடுத்து வைத்திருந்த டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டேன். பத்திரிகையில், தங்கள் வருகையை விரும்பும் என்று போட்டு, கீழே தமிழ்செல்வன் – பேராச்சி, மும்பை என்று நம் பேரை அடித்திருக்கிறார்கள். வரவேற்கிற இரண்டு பேருமே அங்கே இருக்கப் போவதில்லை. அப்பா போனில் கத்தினார். வீடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பூட்டிப் போட்டுவிட்டு ஊருக்கு வா, மாப்பிள்ளை வந்தால் வரட்டும் என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் போனை வைத்துவிட்டேன்.

தங்கச்சி ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, கல்யாணம் என்றால் எப்படி அக்கா இருக்கும் என்று கேட்டாள். என்ன சொல்வேன்? நாம் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்க்கவே எனக்குப் பயம், கூட்டியதில்லை. நாம் சேர்ந்து போன பிரயாணம் என்றால் கேட்வேயிலிருந்து எலிபெண்டாவுக்குப் போன படகு ஒன்றுதான். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. கப்பல்காரன் பொண்டாட்டி என்று வெளியே சொல்லிவிடாதே என்று என் தலையைப் பிடித்துக்கொண்டே சிரித்தீர்கள். அதைத்தான் அவளிடம் சொன்னேன். வாந்தி எடுக்கும்போது தலையைப் பிடிக்க ஓர் ஆள், அவ்வளவுதான்டி என்றேன். சீ என்றாள். அவளுக்கு இப்போது புரியாது.

நான் தைரியமாகத்தான் இருக்கிறேன். டிவி செய்தி பார்ப்பதை விட்டுவிட்டேன், அது அங்கே நடக்கிற சண்டையை இங்கே அடுப்பு வரைக்கும் கொண்டுவருகிறது. இந்த மழைக்கு எல்லாத் துணியிலும் பூஞ்சை பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்கள் சட்டைகளை வெளியே எடுத்துத் துடைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி அடுக்குகிறேன். போடாத சட்டைக்கு எதற்கு இஸ்திரி என்று ஷரீஃபுன்னிசா கேலி செய்கிறாள். வந்து இறங்குகிற அன்றைக்குப் போட வேண்டாமா? கதவில் எழுதியதைப் படிக்கத் தெரியாமல் நின்றேனே, அந்த வெட்கத்தில் அவளிடம் ஹிந்தி எழுத்தும் கற்றுக்கொண்டேன். முதலில் எழுதிப் பழகிய வார்த்தை பந்த். இரண்டாவது உங்கள் பேர். ழகரத்துக்கு என்ன எழுதுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, ஏதோ போட்டிருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். இரண்டு பேருமே கவனித்துக் கேளுங்கள். அடுத்த தடவை ஒரே ஓர் ஆளைத்தான் இறக்க முடியும் என்று சுப்ரமணியன் சார் சொல்கிறார். மற்றவர்கள் எஞ்சினுக்கும் ரேடியோவுக்கும் வேண்டுமாம். அதனால் அத்தான் அல்லது காக்கா, இருவரில் ஒருவர். நீங்களே பேசி முடிவு செய்து கேப்டனிடம் பேரைக் கொடுக்க வேண்டுமாம். அதற்கப்புறம் எப்போது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. காயல்பட்டினத்திலிருந்து காக்காவின் மனைவி சுலைகா அக்கா போன் செய்தார்கள். காக்கா, உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். "யாரு வந்தாலும் நம்ம வீட்டு ஆளுதான் பேராச்சி" என்று சொன்னார்கள். நானும் ஆமாம் அக்கா என்றேன். எனக்கும் அதேதான். யார் வந்தாலும் எனக்குச் சந்தோஷம். இதில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பொட்டலத்தில் இட்லிப்பொடி, பூண்டு ஊறுகாய், உங்கள் பல்லுக்கு மாத்திரை, இரண்டு பனியன் இருக்கிறது. காக்காவுக்குத் தலைவலித் தைலம் வைத்திருக்கிறேன், அத்தான் எடுத்துத் தேய்த்துக்கொள்ள வேண்டாம். உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டாமல் இருக்காதீர்கள். உச்சினிமாகாளி உங்கள் இருவருக்கும் காலடியில் மண்ணைக் காட்டட்டும்.

காக்கா, இவ்வளவு நேரம் படித்ததற்கு நீங்கள் நல்லா இருக்க வேண்டும். இனித் தாளை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் ஹிந்தி எழுத்தில் சும்மா எழுதிப் பார்த்திருக்கிறேன், தப்பைத் திருத்தி அனுப்பட்டும்.

என்றும் உங்கள்,
பேராச்சி.

(தாளின் பின்பக்கம், தமிழ்ப் பேச்சு, ஹிந்தி எழுத்தில்)

அத்தான், இத வாய அசைக்காம படிங்க. காக்கா மூஞ்சியப் பாக்காம படிங்க.

நான் தைரியமா இல்ல. கதவுல யாரு கை வச்சாலும், சர்வேக்காரனா, இல்ல உங்களப் பத்தி ஏதும் சொல்ல வந்த ஆளான்னு தெரியாம எந்திரிச்சு ஓடுதேன். யாரு வந்தாலும் சந்தோசம்னு முன்னால எழுதிருக்கேன்லா, அது பொய். எனக்கு நீங்கதான் வரணும்.

காக்கா நல்ல மனுசர்னு தெரியும். சுலைகா அக்காவும் நல்லவுங்க. அவுககிட்ட இனி என்ன மூஞ்சிய வச்சுப் பேசுவேன்னு தெரியல, அத நான் பாத்துக்கிடுதேன். அந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும். நீங்க சுமக்காண்டாம்.

இந்தத் தடவ யாருக்கும் விட்டுக் குடுக்காதீங்க. இந்தக் கடுதாசியப் படிச்சுக் காட்டுன ஆளுக்கும் குடுக்காதீங்க. வீட்டுக்கு வாரவுங்க லிஸ்ட்டுல உங்க பேரக் குடுங்க. வீட்டுக்குன்னு கேப்டன்கிட்ட ரெண்டு தடவ சொல்லுங்க.

எழுத்துல தப்பு இருந்தா அங்க வச்சுச் சிரிக்காதீங்க. இங்க வந்து சிரிங்க.