கடல் தண்ணீரில் குழைத்த பூ

ஓகஸ்ட் 18, செவ்வாய்

கச்சான் காற்று. வாயெல்லாம் மண். கப்பல்சாமான் முதலாளி வீட்டு மண்டபச் சீலிங்குக்குச் சாந்தில் வட்டப் பூ வார்த்தோம். நாலடி அகலம். ஞாயிறு 30 அவர் மகளுக்குக் கலியாணம். மணவறை சரியாக அதற்குக் கீழே.

வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் செல்லத்துரை கிணற்றுத் தண்ணீர் எடுக்க விடவில்லை. துறைமுகத்திலிருந்து இரண்டு பீப்பாய் கடல் தண்ணீர். உப்பு நீரில் பாரிஸ் சாந்து கெதியாக இறுகும், அச்சும் கெதியாகக் கைக்கு வரும். பிறகு ஒருநாளும் காயாது. அவருக்கும் தெரியும். வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. சாந்தைப் பிடித்து வைக்கிற தும்பும் பாதிதான் வைத்தோம்.

வாங்க: அரத்தாள், தேங்காய் எண்ணெய் (அச்சுக்கு), பெண்சாதி திரேசாவுக்கு இருமல் மருந்து.

ஓகஸ்ட் 21, வெள்ளி

பூ ஏற்றியாச்சு. இரும்பு ஆணியில். பித்தளைத் திருகாணி கேட்டேன். "கலியாணம் முடியிற வரைக்கும் நிண்டால் காணும்" என்றார் செல்லத்துரை. சிரிப்பு வேறு.

முதலாளி நிமிர்ந்து பார்த்து மாளிகை மாதிரி என்றார், என் தோளில் தட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். தூ.

மத்தியானம் சூரைக் குழம்பு.

ஓகஸ்ட் 26, புதன்

பூ வியர்க்கிறது. இதழ்களில் வெள்ளையாக உப்பு. ஆணித் தலைகளிலிருந்து பழுப்பு நீர். விரலால் அமுக்கினேன், தேத்தண்ணியில் நனைந்த பாண் மாதிரி உள்ளே போனது. செ. ஒரு டின் வெள்ளைப் பெயின்ற் தந்தார். பூசினேன். என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும்.

ஓகஸ்ட் 28, வெள்ளி

பொறுக்க ஏலவில்லை. முதலாளியிடம் தனியாகச் சொன்னேன். பூ விழும், இப்பவே கழற்றுவோம் என்று. அடிப்பார் என்றுதான் போனேன். அவர் ஆறுதலாக வெற்றிலையைத் துப்பினார்.

"வெறும் சீலிங்கைச் சம்பந்தி பகுதிக்குக் காட்ட ஏலாது. மணவறையைச் சுவரோரம் தள்ளிப் போடுவம். நீங்கள் ஒருத்தரிட்டையும் கதைக்காதேங்கோ."

பிறகு, கலியாணத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்.

ஓகஸ்ட் 29, சனி

காலை போய்ப் பார்த்தேன். மணவறை சுவரோரம். பூவுக்கு நேர் கீழே இருபது கதிரை. யாருக்கு என்று பந்தல்காரரிடம் கேட்டேன்.

"ஈச்சிலம்பற்றிலயிருந்து வாற வயல்காரச் சனத்துக்கும் உங்கட வேலையாக்களுக்கும். முதலாளிதான் சொன்னவர்."

வீட்டில் திரேசா நாளைக்கென்று சேலைக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன்.

மண்டபத்தில் நின்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஏணியை ஓரமாகப் போட்டேன். முதலாளி நாயே பேயே என்றார். செ. வாசலில் நின்றே கத்தினார், உள்ளே ஒரு காலும் வைக்கவில்லை.

மூன்றாம் சுத்தியல் அடிக்கே முழுதாக விழுந்தது. இரண்டு கதிரை நொறுங்கியது. ஒழுங்காக வார்த்திருந்தால் முப்பது அடி தாங்கும்.