மூன்று புள்ளி இரண்டு மடங்கு

என் வசந்தி,

உன் மேலதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஆப்பிள் ஒரு கிலோ, முகத்தில் துக்கம் அரை கிலோ. "மேடம் மாதிரி ஒருத்தங்க இனிமே வரமாட்டாங்க சார்" என்றார். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துவிட்டார்.

சங்கதி இதுதான். எஃகு தேயாமல் இருக்க மூன்று வருஷம் பூச்சு பூசிப் பூசிப் பார்த்தாயே, ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை எழுதிக்கொண்டிருந்தாயே, அந்தக் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போகிறதாம். இந்தத் தடவை உன் பெயர்தான் முதலில். நீ இல்லாததால் வீட்டார் கையெழுத்து வேண்டுமாம். "சும்மா ஃபார்மாலிட்டி சார். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு."

சனத்நகர் பட்டறையில் முப்பது வருஷம் லேத்துக்குப் பக்கத்தில் நின்றவன் நான். வரைபடத்தைப் பார்க்காமல் எதிலும் கை வைக்கமாட்டேன். "படிச்சுட்டுத் தரேன் சார்" என்றேன். "இது கொஞ்சம் டெக்னிகல்..." என்று ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே படித்தேன்.

முதல் பத்தியிலேயே பல்லைக் காட்டியது. 'டென் டைம்ஸ் லெஸ் வேர்', தேய்மானம் பத்து மடங்கு குறைவாம். நாலு வரி தள்ளி அதே பத்து மடங்குக்கு 'ஆன் ஆர்டர் ஆஃப் மேக்னிட்யூட்' என்று ஒரு ஜரிகை. கடைசிப் பக்கத்தில் 'மெனிஃபோல்ட்', பல மடங்காம். அடேயப்பா! பூச்சு எஃகுக்கா, கட்டுரைக்கா?

நீ எழுதியது இல்லை இது. சாப்பாட்டு மேஜையில் எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறாய்! "பத்து மடங்கு குறைவுன்னா என்னங்க அர்த்தம்? எதைப் பத்தால பெருக்கி எதுலேருந்து கழிக்கணும்? கையில நம்பர் இருக்கறவன் எதுக்கு இங்கிலீஷுக்குப் பின்னாடி போய் ஒளியணும்?"

உன் நம்பர் நாலாம் பக்கத்து அட்டவணையில் அப்படியே இருந்தது. பூசாத எஃகு தேய்ந்தது முப்பத்திரண்டு மில்லிகிராம், பூசியது பத்து. அதை மாற்றக்கூட அந்த மனுஷனுக்குச் சோம்பல். அட்டவணையை எவன் படிக்கப்போகிறான் என்ற தைரியம் வேறு.

ஃபோன் போட்டேன். "சார், மூணு புள்ளி ரெண்டு மடங்குதானே வருது?"

"அது ஸ்டைல் சார். எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க. மூணுன்னு எழுதினா எவன் சார் போடுவான்?"

ஸ்டைலாம்! எங்கள் பட்டறையில் பத்து மில்லிமீட்டர் துளை கேட்ட இடத்தில் ஒருவன் முப்பத்திரண்டு போட்டுவிட்டு ஸ்டைல் என்று சொல்லியிருந்தால், அன்று மத்தியானமே கேட்டுக்கு வெளியே நின்றிருப்பான். இவருக்கு என்னடாவென்றால் தனி அறை, வாசலில் பெயர்ப்பலகை, தூ.

நித்யாதான் என்னை உலுக்கிவிட்டாள். "நக்கோப்பா, சண்டை வேணாம். எங்க கம்பெனி ப்ரோஷர்ல எல்லாமே டென் எக்ஸ்தான், யாரு கேக்கறா? அம்மா பேரு இத்தனை வருஷமா மூணாவது, நாலாவதுதான். இப்பதான் ஃபர்ஸ்ட்ல வருது. ப்ளீஸ்ப்பா, சைன் பண்ணிடு" என்று அழுதாள். அவள் சொன்னதிலும் என்ன தப்பு? ரெண்டு நாள் அந்தக் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பிறகு மூன்று இடத்திலும் அடித்துவிட்டு '3.2' என்று எண்ணாலேயே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். காஞ்சன்பாக்கில் உன் ஆபீசுக்கு நானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன். "இப்படிப் போட்டா என் கையெழுத்து செல்லும். இல்லேன்னா அவ பேரை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார், வசந்தி. கண்ணைச் சிமிட்டாமல் எடுத்துவிட்டார்.

கட்டுரை இந்த மாதம் வந்துவிட்டது. பத்து மடங்கும் இருக்கிறது, முதலில் அவர் பெயரும் இருக்கிறது. கடைசியில் பொடி எழுத்தில் மறைந்த சக ஊழியருக்கு நன்றியாம். உன் பங்கு 'இம்மெஷரபிள்' என்று போட்டிருக்கிறார்கள். மில்லிகிராம் மில்லிகிராமாக அளந்து கொடுத்தவளுக்கு, அளக்க முடியாத பங்காம்! வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

நித்யா அதை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்னோடு முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரம் ஆகிறது. உன் உழைப்பை அவனுக்கே தூக்கிக் கொடுத்துவிட்டேனா? நீ இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாயா? போட்டிருக்கமாட்டாய் என்றுதான் நினைத்தேன். இப்போது கேட்க ஆளில்லை.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். வருஷ நினைவுக்குப் பேப்பரில் உன் படம் போடுவேன். ஈடு இணையற்ற, ஈடுசெய்ய முடியாத என்று ஒரு வார்த்தை வராது. உன் பெயர், நீ பார்த்த வேலை, ரெண்டு தேதி, அவ்வளவுதான்.

உன்னை எவ்வளவு தேடுகிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பல மடங்கு, கோடி மடங்கு என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. போன வாரம் நாலு நாள், மறந்துபோய் ரெண்டு பேருக்குக் காப்பி கலந்துவிட்டேன். நாலுதான், கூட்டிச் சொல்லவில்லை.

உன்னைக் கட்டிக்கொண்டவன்,
சுந்தரம்