வெட்டாத துணி

இன்வர்னஸ், ஏப்ரல் 9

செல்ல மகளே,

உன் கல்யாணத்துக்காக அப்பா நேற்று கில்ட்டை எடுத்துப் பாவாடை மாதிரி இடுப்பில் கட்டிப் பார்த்தார். எட்டு கெஜம் கட்டம்போட்ட துணியை மடித்து மடித்து நான் வீட்டில் தைத்தேனே, அதேதான். எவ்வளவு இழுத்தும் வார் பக்கிளை எட்டவில்லை.

"பீரோவுக்குள்ளயே சுருங்கிடுச்சு," என்றார்.

"காலையில ரெண்டு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி, அதுக்கு மேல நாலு சாசேஜ். துணி மேல ஏங்க பழி போடறீங்க?" என்றேன்.

இப்போதுதான் இதை உனக்கு எழுத முடிகிறது. நவம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா எலும்பும் தோலுமாக வந்த வாரம், "பக்கிளை உள்ள தள்ளித் தச்சு வை. என்னைப் பெட்டியில கிடத்தறப்போ தொளதொளன்னு இருக்கக் கூடாது," என்று கேட்டார். நான்கு விரல் தள்ளித் தைத்தேன். மிச்சத் துணியை வெட்டிவிடவும் சொன்னார். கில்ட் துணியில் கத்தரி வைப்பது நம் வழக்கமில்லை என்று எரிந்து விழுந்தேன். மிச்சத்தை உள்ளேயே மடித்து வைத்தேன்.

இன்று அந்தத் தையலைப் பிரித்து, பக்கிளைப் பழைய இடத்தையும் தாண்டி ஒரு விரல் வெளியே வைத்துத் தைத்துவிட்டேன். ஊசித் துளைகளைக் கோட்டு மறைத்துக்கொள்ளும்.

உள்ளே இன்னும் ஐந்து விரல் துணி இருக்கிறது. விருந்தில் அவர் தட்டை யாரும் பிடுங்க வேண்டாம்.

உன் அம்மா