கால் இஞ்ச் போல்ட்

அன்புள்ள வின்னிக்கு,

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். அம்மாவுக்கு இருமல் குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ள, ஒரு பழைய இங்கிலீஷ் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியில் எங்கே கேட்டாலும் மில்லிமீட்டர் போல்ட்தான். பொறுமையில்லாமல் ஆறு மில்லிமீட்டரைக் கால் இஞ்ச் நட்டில் போட்டு இறுக்கினேன். மரை வழுக்கி ஸ்பானர் கையைக் கிழித்தது. சின்னக் கீறல்தான், தையல் போட்டதும் சரியாகிவிட்டது.

ஆண்டர்சன்பேட்டையில் பாண்டுரங்கன் கடையில் வெள்ளைக்காரன் தங்க மைன்ஸ் நடத்திய காலத்துக் கால் இஞ்ச் போல்ட் இன்னும் இருக்கும். "இன்னாத்துக்கும்மா அது, மில்லிமீட்டரே எடுத்துனு போங்க" என்பார். கேட்காதே. நட்டைத் திருகிப் பார்த்து வாங்கு. அங்கே லீவில் வந்திருக்கும், என்னோடு வேலை செய்யும் ஹரிஷ் இங்கே திரும்பும்போது கொடுத்தனுப்பு.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும்: நட்டைக் கழற்றாதே. உன் கை திருகியபடியே வரட்டும். இங்கே நான் கழற்றிக்கொள்கிறேன்.

உன்
ஏனோக்